இரண்டு தடவை வெந்த பிஸ்கோத்தி

சுடச்சுட இருக்கும் மாவுக்கட்டையைக் கத்தியால் அறுக்கும்போது இரண்டு பக்கமும் தூள் உதிருமே, அந்தத் தூளைவிட ருசியான ஒன்றை நான் இன்றுவரை தின்றதில்லை. மேல்பக்கம் மொறுமொறுவென்றும் உள்பக்கம் இன்னும் கொஞ்சம் ஈரமாகவும் இருக்கும். ஊடே பாதியாக அறுபட்ட வறுத்த முந்திரிப்பருப்பு ஒன்றிரண்டு கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, நாக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஓர் இனிப்பு வாசனை. பலகையில் விழுகிற தூள் எனக்கு, அறுத்த துண்டுகள் திரும்பவும் அடுப்புக்கு என்பதுதான் ஸ்டெல்லா மாமிக்கும் எனக்கும் இருந்த உடன்படிக்கை. வெந்த துண்டு எதற்குத் திரும்ப அடுப்புக்குப் போகவேண்டும் என்று கேட்கிறீர்களா? எங்கள் வீட்டிலும் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கருங்கல் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் எங்கள் வீடு. முந்திரிக்கு எங்கள் பக்கத்தில் "அண்டி" என்று பெயர். அண்டி உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலைக்கு "அண்டியாபீஸ்" என்று பெயர். அப்படி ஓர் அண்டியாபீஸில்தான் அப்பா மேற்பார்வை வேலை பார்த்தார். ஸ்டெல்லா மாமி அப்பாவின் ஒரே தங்கை. அப்பாவின் தங்கை அத்தை அல்லவா என்று வெளியூர்க்காரர்கள் என்னைத் திருத்துவார்கள். திருத்தட்டும், எங்கள் வீட்டில் அவள் மாமிதான். அதிலும் அவள் "சிஸ்டர் மாமி". பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு மடத்தில் சேர்ந்து, பிறகு இத்தாலிக்கு அனுப்பப்பட்டு, அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் கன்னியாஸ்திரியாக இருந்தவள். துறவு உறுதிமொழி எடுக்கும் முதல் வார்த்தைப்பாட்டுக்கு அப்பா பந்தல் போட்டுக் கோயில் பங்கு முழுவதையும் கூப்பிட்டுச் சோறு போட்டார் என்று அம்மா சொல்வாள். "எனக்க தங்கச்சி சிஸ்டராக்கும்" என்பது அப்பாவுக்குப் பெயரோடு சேர்ந்த பட்டம் மாதிரி ஆகியிருந்தது.

அந்த மாமி, ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், சாதாரணப் புடவை கட்டிக்கொண்டு, ஒரே ஒரு பையோடு ஆட்டோவில் வந்து எங்கள் வீட்டு முன்னால் இறங்கினாள். ஆயுளுக்கும் என்று கொடுக்கும் நித்திய வார்த்தைப்பாடு எடுக்கும் முன்பே மடத்தை விட்டு வந்துவிட்டாள். ஏன் என்று அம்மா கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இவ்வளவுதான்: "எனக்குப் பிடிக்கல்ல மைனி." அவ்வளவுதானா? அவ்வளவேதான். ஊருக்கு அது போதவில்லை. மடத்தை விட்டு வந்தால் பின்னால் பெரிய காரணம் ஏதாவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஊரே ஒன்றை உண்டாக்கிக் கொள்ளும். குளத்துக்குக் குளிக்கப் போனால் ஒரு கதை, பால் வாங்கப் போனால் இன்னொரு கதை என்று தினமும் புதிதாக ஒன்று எங்கள் காதுக்கு வந்தது. எனக்கென்னவோ அவள் வந்ததில் கொள்ளைச் சந்தோஷம். வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக இருந்த எனக்கு, கூடப் படுத்துக்கொள்ளவும் வாயாடவும் ஆள் கிடைத்துவிட்டதே!

ஆனால் அப்பா அவளோடு பேசவில்லை. திட்டவில்லை, போ என்று சொல்லவில்லை, ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவள் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கி வந்தார், அதையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாமி முன்னறைக்கு வந்தால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். சொல்லியே ஆகவேண்டியது ஏதாவது இருந்தால் என்னைக் கூப்பிடுவார். "மக்கா, மழ வருது, கொடியில கெடக்கிற துணிய எடுக்கச் சொல்லு." மாமி அவருக்குப் பின்னால் ஓர் எட்டுத் தூரத்தில்தான் நின்றிருப்பாள். நான் திரும்பி, "மாமி, துணிய எடுக்கணுமாம்" என்பேன். மாமி, "எடுத்தாச்சுன்னு சொல்லு" என்பாள். நான் மறுபடியும் திரும்பி, "எடுத்தாச்சாம்" என்பேன். ஆரம்பத்தில் இது எனக்கு நல்ல விளையாட்டாகத்தான் இருந்தது.

விளையாட்டு இல்லை என்று தெரிந்தது, மாமியின் பையைத் தற்செயலாகத் திறந்து பார்த்தபோது. வந்து இத்தனை நாளாகியும் அவள் உடுப்புகளை அலமாரியில் எடுத்து வைக்கவே இல்லை. துவைத்து, மடித்து, திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் மறைக்காமல் சொன்னாள். கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன் மக்கா. அண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்த பேசினா நான் இஞ்சயே இருந்திருவேன். இல்லன்னா போயிருவேன். பேசாத ஒரு வீட்டுல எப்படி இருக்கியது?" அழாமல்தான் சொன்னாள். இனி அப்பாவை எப்படியாவது பேசவைப்பது என் பொறுப்பு என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அப்பாவைப் பேசவைக்க ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரியும்: சாப்பாடு. எங்கள் அப்பா குறை சொல்லாமல் எதையும் வாயில் வைக்கமாட்டார். மீன்குழம்பில் புளி கூடிவிட்டது, அவியலில் தேங்காய் குறைந்துவிட்டது, கல்யாணவீட்டுப் பாயசத்தில் ஏலக்காயைக் காணோம் என்று, சமைத்தவர் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பிறகு இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடுவார். பிடிக்காததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஒதுக்கி வைத்துவிடுவார். பிடித்ததைத்தான் பிய்த்து எடுப்பார். அம்மா சமைத்ததில் குறை சொன்னால் அம்மாவிடம்தானே சொல்வார்? அப்படியென்றால் மாமி சமைத்ததில் குறை சொல்ல மாமியிடம்தானே பேசியாகவேண்டும்! என் கணக்கு எவ்வளவு கச்சிதமாக இருந்தது பாருங்கள். "மாமி, அப்பா இதுவர தின்னாத ஒண்ணு செய்யுங்க" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் பையின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்தாள். முன்பக்கத்தில் சிவப்பாக ஓர் இலையின் படம், உள்ளே தேன் நிறத்தில் பாகு. அந்த இல்லத்தில் கனடா நாட்டிலிருந்து வந்த ஒரு வயதான சிஸ்டர் இருந்தாராம். மாமி மடத்தை விட்டுக் கிளம்பிய அன்று எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றபோது, அந்தச் சிஸ்டர் மட்டும் வாசல்வரை வந்து, தன் ஊரிலிருந்து வந்த அந்தப் போத்தலைக் கையில் திணித்துக் கட்டிப்பிடித்தாராம். மேப்பிள் பாகு. அதைச் சேர்த்து "பிஸ்கோத்தி" செய்யலாம் என்றாள் மாமி. "அதென்ன பிஸ்கோத்தி, பிஸ்கோத்துன்னு சொல்லேன்" என்றாள் அம்மா. நான் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி போல இருந்தது ருசி.

"இது எப்படி மாமி செய்யாவ?" என்று கேட்டேன். மேப்பிள் என்பது ஒரு மரமென்றும், அந்த மரத்தில் துளைபோட்டு, ஊறிவரும் நீரைப் பிடித்துக் காய்ச்சி இறக்குவார்கள் என்றும் மாமி சொன்னதுதான் தாமதம், முன்னறையில் செய்தித்தாள் படபடத்தது. எங்கள் பக்கத்தில் பதனீருக்கு "அக்கானி" என்று பெயர். அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி பிடிக்கும் ஊரில் பிறந்த மனிதரால் இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருக்கமுடியும்? "மக்கா!" என்று குரல் வந்தது. "அந்த மரத்துல ஏறுவாவளான்னு கேளு." நான் கேட்டேன். ஏறவேண்டாமாம், தரையில் நின்றுகொண்டே எடுப்பார்களாம். "ஏறாமலா? அப்போ அது என்ன மரமாக்கும்!" மாமிக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. "பாளை சீவவேண்டாமா, கலயம் கட்டவேண்டாமா?" என்று அடுத்தடுத்து என் வழியாகக் கேள்விகள் வந்தன. வாளியைத் தொங்கவிட்டால் போதும் என்ற பதிலைக் கேட்டுவிட்டு, "மடியன்மாருக்க வேல" என்று அத்தனை பேரையும் சோம்பேறியாக்கித் தீர்ப்புச் சொல்லிச் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார். அவர் அன்றைக்கு நேராகப் பேசிவிடுவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பேசவில்லை.

எங்கள் வீட்டில் சூளை அடுப்பு ஏது? அகலமான அலுமினியப் பாத்திரத்தின் அடியில் மணலைப் பரப்பி, அதன்மேல் கம்பி வளையம் வைத்து, வளையத்தின் மேல் தட்டை வைத்து, மூடியின் மேலே தேங்காய்ச் சிரட்டைக் கனலைக் குவித்து அம்மா வருஷா வருஷம் கேக் செய்வாள். அந்த ஏற்பாட்டையே மாமிக்குக் கொடுத்தாள். இத்தாலியில் பாதாம் போடுவார்களாம். எங்களுக்குப் பாதாமுக்கு எங்கே போக? அப்பா ஆலையிலிருந்து கொண்டுவரும் உடைந்த அண்டிப்பருப்பு டப்பா நிறைய இருந்தது. அதை நெய்விடாமல் வறுத்தாள். முட்டையையும் சீனியையும் நுரைக்க அடித்து, மேப்பிள் பாகை ஊற்றி, மைதாவும் பருப்பும் சேர்த்துப் பிசைந்து, நீளமாக, சற்றுத் தட்டையாக உருட்டித் தட்டில் வைத்தாள். கனல் மேலே சிவந்து கிடக்க, கீழே மணல் சூடேற, கொஞ்ச நேரத்தில் ஒரு மணம் கிளம்பியது பாருங்கள்! பக்கத்து வீட்டுக் கோழிகூட எங்கள் அடுக்களை வாசலில் வந்து நின்றது. நான் பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன், அம்மா என்னை விரட்டி விரட்டி அலுத்துப்போனாள்.

முதல் தடவை அது பிஸ்கோத்தியாகவே ஆகவில்லை. மாவுக்கட்டையை வெளியே எடுத்து ஆறவைத்துவிட்டு மாமி குளிக்கப் போனாள். அம்மா வந்து தொட்டுப் பார்த்தாள், வெந்திருந்தது. வெந்தால் தின்னவேண்டியதுதானே? ஒரு துண்டு அவள் எடுத்தாள், ஒரு துண்டு எனக்குக் கொடுத்தாள், இன்னொன்று அவள், இன்னொன்று நான். மாமி தலையில் துண்டோடு வந்து பார்த்தபோது தட்டில் தூள்தான் மிச்சம். "ஐயோ மைனி, அத அறுத்துத் திரும்ப வேக வைக்கணும்!" என்று அவள் கத்த, "வெந்தத எதுக்குட்டி திரும்ப வேக வைக்கணும், உனக்கென்ன கிறுக்கா?" என்று அம்மா திருப்பிக் கத்த, வாய் நிறைய வைத்துக்கொண்டு நான் சிரிக்க, மாமி வந்த பிறகு எங்கள் வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டது அன்றுதான். இரண்டாவது தடவை அறுத்துத் திரும்ப வைத்தோம். கனல் கூடிப்போய் எல்லாம் கரியாயின.

மூன்றாவது தடவைக்குப் போத்தலில் பாகு பாதிதான் இருந்தது. அக்கானிக் காலம் முடிந்திருந்ததால் கருப்பட்டியை உருக்கி, வடிகட்டி, மேப்பிளோடு கலந்தோம். அக்காவும் தங்கச்சியும் அடையாளம் தெரியாதபடி ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டார்கள். கட்டை வெந்தது, சாய்வாக அறுத்தோம், தூள் எனக்கு வந்தது, துண்டுகளைப் படுக்கவைத்து, மூடிமேல் கனலைக் குறைத்து, திரும்பவும் உள்ளே வைத்தோம். எடுத்தபோது பொன்னிறம். தட்டினால் டக்கென்று சத்தம். கடித்தால் அந்தச் சத்தம் மண்டைக்குள் கேட்டது. நான் ஆடியே விட்டேன்!

ஒரு தட்டில் வைத்து அப்பாவிடம் ஓடினேன். மாமி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள், அம்மாவும் நின்றாள். அப்பா ஒன்றை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், கடித்தார். தாடை அசைந்தது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ சொல்லப் போகிறார், சீனி குறைவு என்றோ, கட்டி என்றோ, முட்டை வாடை என்றோ. அவர் இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். தட்டு காலியானது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போய்விட்டார். அப்பா குறை சொல்லாமல் ஒரு பண்டத்தைத் தின்று தீர்த்ததை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமி காலித் தட்டை வாங்கிக்கொண்டு, "போட்டும் மக்கா" என்றாள். எனக்கு அவள்மேலும் கோபம், அப்பாமேலும் கோபம், அந்தப் பிஸ்கோத்திமேலும் கோபம்.

ஆனால் கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் கோபத்துக்கு ஏது நேரம்? வாசலில் காகித நட்சத்திரம் ஏறிவிட்டது. வைக்கோலும் பாசியும் கொண்டுவந்து குழந்தை இயேசுவுக்குப் புல்கூடு கட்டியாகிவிட்டது. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் டின் டின்னாக அடுக்கியாகிவிட்டது. தான் போவதற்கு முன்னால் எல்லோரும் தின்னட்டும் என்று மாமி போத்தலில் மிச்சமிருந்த பாகு முழுவதையும் கருப்பட்டியோடு வழித்துப்போட்டுப் பெரிய அளவில் பிஸ்கோத்தி செய்தாள். போத்தலைக் காலியாக்கிவிட்டுக் கிளம்பப் போகிறாள் என்பதுதான் அதற்கு அர்த்தம். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்து வந்ததும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு, இந்து வீடு கிறிஸ்தவ வீடு என்றில்லாமல், தட்டில் பலகாரம் வைத்துத் துணிமூடிக் கொடுத்தனுப்புவார்கள். தட்டுகளை அடுக்கியது நான். முறுக்கையும் முந்திரிக்கொத்தையும் கீழே வைத்து, எங்கள் பிஸ்கோத்தியை எல்லாவற்றுக்கும் மேலே, துணியை எடுத்ததும் முதலில் கண்ணில் படும்படி நிறைய வைத்தேன். வீடு வீடாக ஓடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கேதான் நாங்கள் எல்லோரும் ஒன்றை மறந்துபோனோம். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ரஸ்க் என்பது நோயாளிகளின் சாப்பாடு. காய்ச்சல்காரனுக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனுக்கும் பால் விடாத கட்டஞ்சாயாவும் ரஸ்கும்தான். நோயை நாங்கள் "தீனம்" என்போம். ஒரு வீட்டுக்கு ரஸ்க் பொட்டலம் போகிறதென்றால் அங்கே யாருக்கோ தீனம் என்று ஊர் தெரிந்துகொள்ளும். விருந்தாளிக்கு ரஸ்க் வைக்கமாட்டார்கள். திருநாள் தட்டில் வைக்கவே மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், கிறிஸ்துமஸ் அன்று, துணியை விலக்கினால் மேலே குவியலாக அறுத்துக் காயவைத்த ரொட்டித் துண்டு! நல்லநாளும் அதுவுமாக வீட்டில் ரஸ்க் குவிந்து கிடக்கிறதென்றால், தீனம் பெரிதாக இருக்கவேண்டும். யாருக்கு? ஒற்றைப் பையோடு திடீரென்று வந்து இறங்கியவள் ஒருத்திதானே அந்த வீட்டில் இருக்கிறாள்!

மத்தியானச் சாப்பாடு முடிந்து நாங்கள் கண்ணசரும் நேரம், பக்கத்து வீட்டு ரோஸ்லி அக்கா முதலில் வந்தாள். கையில் ஆரஞ்சுப் பை. முகத்தைத் துக்கவீட்டுக்கு வருகிற மாதிரி வைத்திருந்தாள். பின்னாலேயே அவள் மாப்பிள்ளை, ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு. அதற்குப் பின்னால் எதிர்வீடு, குளத்தடி வீடு, பள்ளிக்கூடத்து வீடு என்று ஒவ்வொருவராக, மாதுளையும் பன்னீர்த் திராட்சையும் இளநீரும் சுமந்துகொண்டு வந்தார்கள். முன்னறை நிறைந்துவிட்டது. ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. இத்தனை நாள் கதை கதையாகக் கட்டிய வாய்களெல்லாம் அன்றைக்குப் பூப்போலப் பேசின.

"பாவம் பிள்ள. நமக்குத் தெரியாமப் போச்சே. தீனமாட்டு வந்த பிள்ளைய நாம என்னெல்லாம் சொல்லிப்போட்டோம்" என்று ரோஸ்லி அக்கா மூக்கை உறிஞ்சினாள். அம்மாவுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. புரிந்ததும் அடுக்களைக்கு ஓடிவந்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி ஸ்டெல்லா, அவிய தீனம்னு நெனச்சா நெனச்சிட்டுப் போட்டும். அதுதான் நல்லது. தீனம்னா இனி ஒரு மனுஷரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. உனக்க அண்ணனுக்கும் தல நிமிந்து நடக்கலாம்." அம்மா கெட்டவள் இல்லை, அவளுக்குத் தெரிந்த வழியில் மாமியைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். மாமி சுவரில் சாய்ந்துகொண்டாள். "எனக்குத் தீனம் ஒண்ணும் இல்லியே மைனி" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் முகம் அப்படிச் சுருங்கி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

முன்னறையில் ரோஸ்லி அக்கா நேராக அப்பாவிடமே கேட்டுவிட்டாள். "என்ன தீனமாக்கும் அண்ணே பிள்ளைக்கு?"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். ஆமாம், தீனம்தான் என்று தலையை மட்டும் அசைத்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஊருக்கு வேண்டிய பெரிய காரணம் தானாகவே வீடு தேடி, ஆரஞ்சும் மாதுளையுமாக வந்திருக்கிறது. அப்பா கையை நீட்டி, மேசைமேல் இருந்த தட்டிலிருந்து ஒரு பிஸ்கோத்தியை எடுத்தார்.

"தீனமா? ஒரு தீனமும் இல்ல. அவளுக்கு மடம் பிடிக்கல்ல, வந்துட்டா. அவளுக்க வீட்டுக்கு அவ வந்திருக்கா, அதுக்குத் தீனம் எதுக்கு வேணும்?"

அப்பா பிஸ்கோத்தியைக் கடித்தார். டக்கென்ற அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மென்றார். பிறகு கழுத்தைத் திருப்பி, என்னைப் பார்க்காமல், அம்மாவைப் பார்க்காமல், அடுக்களைப் பக்கம் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

"ஏட்டி ஸ்டெல்லா! இது என்னவாக்கும் இவ்வளவு கட்டியாட்டு சுட்டு வச்சிருக்க? மனுஷனுக்குப் பல்லு வேண்டாமா?"

மாமி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கண் நிறைந்து வழிகிறது, வாயில் சிரிப்பு. "அத சாயால முக்கித் தின்னணும் அண்ணா" என்றாள்.

"அத மொதல்லயே சொல்லப்பிடாதா?"

"நீங்க எங்க கேட்டிய?"

யார் முதலில் சிரித்தார்கள் என்று இப்போது ஞாபகமில்லை, ரோஸ்லி அக்காவாகத்தான் இருக்கவேண்டும். அறையே குலுங்கியது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சாயா போட ஓடினாள். கண்ணாடித் தம்ளர்களில் கட்டஞ்சாயா வந்தது. தீனக்காரியைப் பார்க்கவந்த அத்தனை பேரும் பிஸ்கோத்தியைச் சாயாவில் முக்கி முக்கித் தின்றார்கள், கொண்டுவந்த ஆரஞ்சை அவர்களே உரித்துத் தின்றார்கள். அப்பா தங்கச்சியைப் பார்த்து அடுத்த குறையைத் தொடங்கினார்: கருப்பட்டி கொஞ்சம் முறுகிவிட்டது. அதற்கடுத்தது: பருப்பை இன்னும் வறுத்திருக்கலாம். நான் மாமியின் அறைக்கு ஓடி, பையைக் கவிழ்த்து, உடுப்புகளையெல்லாம் அலமாரியில் அள்ளித் திணித்தேன். ஒன்றையும் மடிக்கவில்லை. அதற்கு வாங்கிக்கட்டிக் கொண்டது வேறு கதை.

இப்போது எனக்கே பத்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். அந்த அண்டியாபீஸ் மூடி, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. மணலும் சிரட்டைக் கனலும் போய் மின்சார ஓவன் வந்துவிட்டது. துணிமூடிய தட்டுகளுக்குப் பதிலாக அட்டைப்பெட்டிகள் வீட்டுக்கு வீடு போகின்றன. டவுனில் வடசேரிக் கடையில் பிஸ்கோத்தியைப் பாக்கெட்டில் வைத்து விற்கிறார்கள். வாங்குகிறவரைப் பார்த்து யாருக்குத் தீனம் என்று கேட்க ஒருவரும் இல்லை. மாமி கோயம்புத்தூருக்குப் போகவில்லை. கல்யாணமும் வேண்டாம் என்றுவிட்டாள், காரணம் கேட்டவர்களுக்குப் பழைய பதிலையே சொன்னாள். வீட்டிலிருந்தே கேக்கும் பிஸ்கோத்தியும் செய்துகொடுக்கிறாள். டிசம்பர் வந்தால் நிற்க நேரமில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு இப்போது பல் பாதி இல்லை, சாயாவில் முக்காமல் எதையும் தின்னமுடியாது. "அன்னைக்கு மொத மொதல்ல தந்தப்போ ஏம்ப்பா ஒண்ணும் சொல்லாமத் தின்னிய? மாமி மேல அவ்வளவு கோவமா?"

அவர் தம்ளரைக் கையில் எடுத்தார். "அவமேல எனக்கு என்ன கோவம் மக்கா? பள்ளிக்கூடம் முடிச்ச பிள்ளைய நானாக்கும் கையப் பிடிச்சு மடத்துல கொண்டு விட்டது. உனக்குப் பிடிச்சிருக்கான்னு ஒரு வார்த்த கேக்கல்ல. பந்தல் போடியதுலதான் எனக்குக் கண்ணு. அவ திரும்பி வந்து பிடிக்கல்லன்னு சொன்னப்போ, எந்த மொகத்த வச்சிட்டு நான் பேசியது? வாயத் தொறந்தா அழுதிருப்பேன்." இத்தனை வருஷமும் அவர் வெட்கப்பட்டது தங்கச்சியால் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமி மாவுக் கையோடு வந்து அப்பாவின் எதிரில் நின்றாள்.

"இப்பம் கேக்கப்பிடாதா அண்ணா?"

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இஞ்ச உனக்குப் பிடிச்சிருக்கா மக்களே?" என்றார்.

"பிடிக்கல்லன்னா நான் நிக்கவா செய்வேன்?" என்றாள் மாமி.